நோட்டரி கை கழுவும் நேரம்

பன்னிரண்டாயிரம் என்று எழுதச் சொன்னது நான்தான். பழியை சர்வேயர் எஜிதியோ மேல் போடலாம், ஊர் வழக்கத்தின் மேல் போடலாம், வரி போட்ட சர்க்காரின் மேலும் போடலாம். ஆனால் அவன் கையில் பேனாவைத் திணித்து "எழுதுடா" என்றது என் வாய்.

எங்கள் மொந்தெஸ்பீனோவில் நிலமோ வீடோ கைமாறும்போது விலை இரண்டு உண்டு. ஒன்று காகிதத்துக்கு, ஒன்று கைக்கு. காகிதத்தில் பாதிகூட இருக்காது. பத்திர நாளன்று நோட்டரி முழுப் பத்திரத்தையும் சத்தமாக வாசிப்பார். கையெழுத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கொஞ்சம் கை கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போவார். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அந்த நேரத்துக்குள் மிச்சப் பணம் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். திரும்பி வந்து, "எல்லாம் சரிதானே?" என்பார். அவர் எதையும் பார்க்கவில்லை. அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

என் தோட்டத்து வீட்டை வாங்க வந்த க்ரீட்டிடம் இதைச் சொன்னேன். "அவருடைய கைகள் அவ்வளவு அழுக்காக இருக்கின்றனவா?" என்று கேட்டாள். சர்வேயர் எஜிதியோ நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். ஊரில் யார் எதை விற்றாலும் காகித வேலை பார்ப்பது அவன்தான்.

க்ரீட் பெல்ஜியத்துக்காரி. முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். என் வயதுதான், ஐம்பத்தெட்டு. எங்கள் மொழியைப் புத்தகம் வைத்துப் படித்திருந்தாள். அதனால் புத்தகம் பேசுகிற மாதிரியே பேசுவாள். என் தோட்டத்து வீட்டைப் பார்க்க வந்த அன்று, செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று அறையிலும் வெறுங்காலோடு நடந்தாள். கூரையில் ஓட்டை இருந்தது. மின்சாரம் இல்லை. கிணற்றில் ஒரு பல்லி செத்து மிதந்தது. அவளோ வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டு, "இங்கே எவரும் எனக்காக நிறுத்தத்தில் காத்திருக்கமாட்டார்கள். இது மிகவும் நன்று," என்றாள்.

"முப்பத்திரண்டாயிரம் யூரோ," என்றேன். இருபத்தைந்துக்கு இறங்க மனதைத் தயார் செய்துகொண்டுதான் சொன்னேன்.

"நல்லது. என் ஊரில் இத்தொகைக்கு ஒரு காரை நிறுத்தும் இடம்கூடக் கிடைக்காது," என்று கையைக் கொடுத்துவிட்டாள். பேரம் பேசாத ஒரு ஜென்மத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோது மட்டும் முரண்டு பிடித்தாள். "நான் முப்பத்திரண்டாயிரம் தருகிறேன் என்றால், முப்பத்திரண்டாயிரம் என்றுதானே எழுத வேண்டும்?"

"அம்மா, உண்மைய எழுதினா வரி நம்மளத் தின்னுட்டு ஏப்பம் விடும்," என்றான் எஜிதியோ. "இந்த ஊர்ல உண்மைய எழுதற எடம் ஒண்ணே ஒண்ணு. கல்லறைக் கல்லு. அதுலயும் பொம்பளைங்க வயசு பாதிதான் நெசம்."

"இவங்ககூட என்ன பேச்சு," என்றேன். "பன்னெண்டு போடு. எழுதுடா."

என் அவசரம் எனக்கு. நான் குடியிருப்பது ஊருக்குள், அம்மா விட்டுப்போன வீட்டில். ரொட்டிக் கடையிலிருந்து என் கதவுக்குத் தொண்ணூற்று நான்கு படி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்ததில் முட்டி இரண்டும் போய்விட்டது. குளிர்காலத்தில் மூன்று நாள் ரொட்டியை ஒன்றாக வாங்கி வைத்து, காய்ந்ததைத் தின்பேன். கீழே கடலோரத்தில், பொலிகோரோவில், தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருந்தேன். வாசலில்கூட ஒரு படி கிடையாது. தெரு தட்டையாகக் கடல்வரை போகும். சேமிப்பிலிருந்து நாலாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்று. ஜூன் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணமும் போச்சு, வீடும் போச்சு. தோட்டத்துப் பணம் முப்பத்திரண்டும் முழுசாக வந்தால்தான் கட்ட முடியும்.

இதில் ஒரே ஒரு முள். எங்கள் சட்டப்படி, விளைநிலத்தை வெளியாளுக்கு விற்கும் முன் பக்கத்து நிலத்தில் பயிர் செய்பவருக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். ஒப்பந்த நகலும் கூடப் போக வேண்டும். முப்பது நாளுக்குள் அவர் அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகப் பதில் போட்டால், நிலம் அவருக்குத்தான். என் பக்கத்து நிலத்துக்காரி என் அக்கா அசுந்தா. அப்பா ஒரே தோட்டத்தை இரண்டாக்கி, நடுவில் இடுப்புயரத்துக்குக் கல்சுவர் வைத்து, வீடு இருக்கிற மேல்பாதியை எனக்கும் நல்ல மண் இருக்கிற கீழ்ப்பாதியை அவளுக்கும் கொடுத்தார்.

அக்காவும் நானும் பேசிப் பதினாலு வருடம் ஆகியிருந்தது.

"அவங்க எடுக்கமாட்டாங்கக்கா," என்றான் எஜிதியோ. "உங்க ஆலிவ் மரத்து எண்ணெய்னு தெரிஞ்சா வெறும் ரொட்டியத் தின்னுட்டுப் போறவங்க. உங்க நெலத்தையா தொடப்போறாங்க?"

நானும் அதைத்தான் நம்பினேன். தபால் ஏப்ரல் நான்காம் தேதி போனது.

அந்தச் சண்டையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அம்மா செத்த அன்று அவளுக்குக் கடைசி உடுப்பு உடுத்தியது அக்கா. பெட்டியில் வைத்துத் தலைத்துணியைச் சரிசெய்யும்போது பார்த்தால், அம்மா காதிலிருந்த தங்கத் தோடு இல்லை. வீடு நிறைய ஜனம். "கேக்கவா வேணும்? கடைசியா கை வச்சவ யாருன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றேன். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அக்கா அம்மாவின் தலைத்துணியை முடிச்சுப் போட்டாள். அடக்கம் முடிந்து அப்படியே போனவள்தான். பிறகு கடைத்தெருவில் அவளைக் கண்டால் பெண்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். விளையாட்டுக்குத்தான். அந்த விளையாட்டு வெகுகாலம் ஓடியது.

ஆறாவது வருடம், அம்மாவின் குளிர்கோட்டை யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்து உதறினேன். ஓரத் தையலில் ஏதோ உறுத்தியது. பிரித்தால் இரண்டு தோடும் கையில் விழுந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அம்மாவே திருட்டுக்குப் பயந்து கழற்றித் தைத்து வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று சில்லறைப் பையில் போட்டுக்கொண்டேன். எட்டு வருடமாக அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நாளாக ஆக வெட்கமும் வளர்ந்துகொண்டே போனது. வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

தபால் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைக் காலி செய்து அடுக்கினேன், மறுநாள் மறுபடி காலி செய்தேன். தபால்காரியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் முட்டியை மறந்து ஜன்னலுக்கு ஓடினேன். "ஏண்டி, குட்டி போட்ட பூனையாட்டம் அலையறே?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். இரண்டு முறை பொலிகோரோவுக்குப் பஸ் பிடித்துப் போய், என் வீடாகப் போகிற வீட்டின் மூடின ஜன்னலைப் பார்த்தேன். அந்தத் தெருவில் கடல்வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். நடக்க முடிகிறதே என்கிற சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

பத்தொன்பதாம் நாள் க்ரீட் கூரையை அளக்க வேண்டும் என்றாள். அவளோடு தோட்டத்துக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் நாய், மார்ஷல். எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஒருவரையொருவர் நேராகத் திட்டமாட்டார்கள். நாயிடமோ கோழியிடமோ சொல்வார்கள். போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேரும்.

"கேட்டியா மார்ஷல்," என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "பன்னெண்டாயிரமாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல டிராக்டர் வருமாடா? அப்பா நெலம் டிராக்டரவிட சல்லிசாப் போச்சு பாரு."

 க்ரீட் அளவு நாடாவைக் கீழே வைத்தாள். "அந்த அம்மையார் நாயிடம் நிலத்தின் விலை குறித்து உரையாடுகிறார்."

"நாய்க்கு அதுல ஆர்வம் ஜாஸ்தி," என்றேன். "நீங்க கூரையப் பாருங்க."

"நாங்கள் அண்டை வீட்டாராகப் போகிறோம். வணக்கம் கூறாமல் இருப்பது முறையல்ல."

நான் தடுப்பதற்குள் சுவருக்குப் போய்க் கையை நீட்டிவிட்டாள். அக்கா மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நீட்டிய கையைப் பிடித்தாள். என்னவோ பேசினார்கள். நான் வீட்டு மூலையில் ஒளிந்துகொண்டு பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. க்ரீட் இரண்டு கை நிறைய பச்சை மொச்சையோடு திரும்பி வந்தாள்.

"மிகவும் அன்பானவர். உங்கள் முட்டிவலி எவ்வாறு உள்ளது என்று கேட்டார்."

"யாரு, அவளா?"

"ஆம். உண்மையான விலை என்ன என்றும் கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையான விலையைச் சொன்னேன்."

"போச்சு! என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே அம்மா!"

"மன்னிக்கவும்," என்றாள் க்ரீட் வருத்தத்தோடு. "உண்மையான விலை ஓர் இரகசியம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை."

இருபத்தெட்டாம் நாள் அக்காவின் பதில் வந்தது. இரண்டே வரி. சட்டப்படியான உரிமையைப் பயன்படுத்தி, ஒப்பந்தத்தில் கண்ட பன்னிரண்டாயிரம் யூரோவுக்கு நிலத்தையும் அதிலுள்ள வீட்டையும் தானே எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தாள். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைபோல உருட்டி உருட்டி ஒரு கையெழுத்து.

எஜிதியோவின் ஆபீசில் என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "கோர்ட்டுக்குப் போறேன்டா!"

"போய் என்னன்னு சொல்வீங்க? 'ஐயா, நெசமான வெலை முப்பத்திரண்டு, நாங்க பொய்யா எழுதினோம்'னா? ஜட்ஜு மொதல்ல நம்ம ரெண்டு பேருக்கும் அபராதம் போட்டுட்டுத்தான் மத்த பேச்சு பேசுவாரு."

"அப்ப இருபதாயிரம்?"

அவன் மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து நேராக வைத்தான். "நுணலும் தன் வாயால கெடும்னு சொல்லுவாங்கக்கா. நம்ம பேனாவால கெட்டுட்டோம்."

க்ரீட் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். "உண்மையை எழுதியிருந்தால் இவ்வாறு நேர்ந்திருக்காது, அல்லவா?" என்று மட்டும் கேட்டாள். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் படியேறினேன். பொலிகோரோ வீட்டுக்காரனிடம் தவணை கேட்டேன். ஜூன் முப்பது என்றால் ஜூன் முப்பதுதான் என்றுவிட்டான்.

ஜூன் இருபதாம் தேதி நோட்டரி ஆபீஸ். அக்கா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நீலச் சட்டை போட்டு வந்திருந்தாள். மேஜைக்கு எதிரெதிராக உட்கார்ந்தோம். பதினாலு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்க்கவில்லை. நெற்றி நடுவில் அம்மாவுக்கு இருந்த அதே கோடு விழுந்திருந்தது. நோட்டரி வாசித்தார்: எல்லைகள், மரங்கள், கிணறு, வழிப் பாதை, பன்னிரண்டாயிரம். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் கை கழுவிட்டு வந்துடறேன்."

இந்தப் பத்திரத்தில் கைமாற ஒன்றும் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எஜிதியோவும் பழக்க தோஷத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா பையைத் திறந்து, ரொட்டி சுற்றும் துணியில் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இருபதாயிரம்," என்றாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை. "அந்த பஸ்காரி சொன்ன வெலைல மிச்சம். கீழ்த்தோட்டத்த பேங்க்ல வச்சு எடுத்தேன். உன் காசு எனக்கு வேணாம்."

"அப்ப எதுக்குக்கா இதெல்லாம்?"

"உன்ன ஒரு ரூம்ல என் எதிர்ல உக்கார வைக்க வேற வழி தெரியல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் எடுக்கலன்னு சொல்லு. அன்னிக்குச் சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லு. வெளிய நிக்கறவன் காதுல விழணும். அவன் காதுல விழுந்தா ஊர் காதுல விழுந்த மாதிரி."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா எடுக்கல," என்றேன் உரக்க. "அம்மாவோட காதுத் தோட்ட அக்கா எடுக்கல!" வராந்தாவில் எஜிதியோவின் இருமல் பாதியில் நின்றது.

அக்கா பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான். பொலிகோரோ வீடு என்னுடையது. தட்டைத் தெரு என்னுடையது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா செத்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. "இப்பவாவது தோணிச்சே உனக்கு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தோடும் கெடைக்கல, ஒரு சாட்சியும் இல்ல. இருந்தும் என் தங்கச்சி என்ன நம்பறாளே. அது போதும்டி எனக்கு."

அதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். செய்யாத நல்லதுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். என் மற்றொரு கை தானாகச் சில்லறைப் பையைத் திறந்தது. தோடு இரண்டையும் மேஜை மேல் வைத்தேன்.

"கோட்டு ஓரத்துல அம்மாவே தச்சு வச்சிருந்துச்சுக்கா."

அவள் தோட்டைத் தொடவில்லை. "எப்பக் கெடச்சுது?"

போன வாரம் என்று சொல்லலாம். நேற்று என்று சொல்லலாம். இந்த அறையில் எத்தனையோ பொய் சொல்லப்பட்டிருக்கிறது, இன்னும் ஒன்று.

"எட்டு வருசம் ஆச்சு."

குழாய் நின்றது.

அக்கா என் கையை விட்டாள். முகத்தைத் துடைத்தாள். பொட்டலத்தை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு தோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதே பையில் போட்டு மூடினாள். நோட்டரி துண்டில் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரிதானே?"

"சரியா இருக்குங்க," என்றாள் அக்கா. "எழுதின வெலைதான் சரியான வெலை."

கையெழுத்துப் போட்டோம்.

பொலிகோரோ வீடு போயிற்று. பன்னிரண்டாயிரம் பேங்க்கில் கிடக்கிறது. அதற்குப் படியில்லாத வீடு எங்கும் கிடைக்காது. க்ரீட் மட்டும் எங்கும் போகவில்லை. அக்காவுக்கு வேண்டியது மரங்கள்தான், வீட்டை மாதம் தொண்ணூறு யூரோவுக்கு க்ரீட்டுக்கே வாடகைக்கு விட்டுவிட்டாள். வாடகைப் பத்திரத்தில் தொண்ணூறு என்றே எழுதினார்களாம். ஊர் அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

நான் ஏதாவது சாக்குச் சொல்லி க்ரீட்டைப் பார்க்கப் போவேன். பாதையோரச் சுவருக்கு வெளியே நின்று பேசுவேன். அது இப்போது என் நிலம் இல்லையே. அக்கா மரத்தடியில் இருப்பாள். வாய் திறக்கமாட்டாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். நாயிடம்கூட என்னைத் திட்டவில்லை. முன்பிருந்த பதினாலு வருடத்தைவிட எனக்கு அந்த நாலு மாதம் நீளமாக இருந்தது. ஒரு வசவுக்காக ஏங்கி வெயிலில் நின்றேன் என்றால் யார் நம்புவார்கள்?

நவம்பரில் ஆலிவ் பறிப்பு தொடங்கியது. அன்று காலையும் பாதையில் போய் நின்றேன். அக்கா மரத்தடியில் காய் விழுவதற்கு வலையை விரித்துக்கொண்டிருந்தாள். காதில் அம்மாவின் தோடு. வலையின் முனையைக் கல் வைத்து அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"மார்ஷல்," என்றாள். நாய் காதைத் தூக்கியது. நானும் சுவரை ஒட்டிப் போனேன். "எட்டு வருசம் வாய மூடிட்டு இருந்தாளே ஒருத்தி, அவளுக்கு முட்டி வலியாம். படி ஏற முடியலையாம். இங்க என்ன படியாடா கட்டி வச்சிருக்கு? ஏணி ஏற வேணாம், வலை மேல உக்காந்து இலை பொறுக்கினா போதும்னு சொல்லு. மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லித் தொலைச்சுடாத. அது பொய்."

பாதையோரச் சுவரும் இடுப்புயரம்தான். என் முட்டியோடு அதைத் தாண்ட முடியாது. க்ரீட் வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து சுவருக்கு மேலாக என் பக்கம் இறக்கிப் போட்டு, கையை நீட்டினாள்.

"கவனமாக ஏறவும்," என்றாள். ஏறினேன்.